11 வருடப் பாட்டுப் பதிவுகள் உள்ள ஹார்டு டிஸ்க் கீழே விழுந்துவிட்டது. இனி என்ன செய்யலாம், என்ன செய்யக் கூடாது?

நடவுப்பாட்டு | வெள்ளி, இரவு 8.40

எல்லோருக்கும் வணக்கம். அறந்தாங்கிப் பக்கம் அரசுப் பள்ளியில் தமிழாசிரியையாக இருக்கிறேன். 2013 முதல் சுற்றுவட்டார ஊர்களில் நடவுப்பாட்டு, கும்மி, தாலாட்டு, ஒப்பாரி பாடத் தெரிந்த அம்மாக்களைத் தேடிப் போய்ப் பதிவு செய்து வருகிறேன். சின்ன ரெக்கார்டரில் எடுப்பேன். எஸ்டி கார்டிலிருந்து லேப்டாப்புக்கு மாற்றுவேன். லேப்டாப்பில் இடம் நிறைந்ததும் 1 டிபி எக்ஸ்டர்னல் ஹார்டு டிஸ்க்குக்கு மாற்றிவிட்டு, லேப்டாப்பில் இருப்பதை அழித்துவிடுவேன். 11 வருடமாக இப்படித்தான். சுமார் 2,400 ஒலிக் கோப்புகள், கொஞ்சம் வீடியோ, மொத்தம் 300 ஜிபி வரும். வேறு நகல் இல்லை.

நேற்று மாலை கோப்புகளை ஏற்றிக்கொண்டிருந்தபோது கேபிள் காலில் மாட்டி, டிஸ்க் மேஜையிலிருந்து சிமென்ட் தரையில் விழுந்தது. அப்போது ஓடிக்கொண்டிருந்தது. திரும்பச் சொருகினேன். விளக்கு எரிகிறது, சுற்றும் சத்தமும் கேட்கிறது. ஆனால் விண்டோஸ் அப்படியே உறைந்து நிற்கிறது. ஐந்து நிமிடம் கழித்து 'இந்த டிஸ்க்கைப் பயன்படுத்த ஃபார்மட் செய்ய வேண்டும்' என்று கேட்டது. நான் கொடுக்கவில்லை.

இன்று டவுனில் ஒரு கணினிக் கடைக்குக் கொண்டுபோனேன். ஏதோ மீட்பு மென்பொருளைப் போட்டு நாலு மணி நேரம் ஓட விட்டார். 6 சதவீதத்தில் நின்றுவிட்டது. 'வெச்சுட்டுப் போங்க, நாளைக்கு ராத்திரி முழுக்க ஓட விட்டுப் பாக்கறேன்' என்கிறார்.

பாடியவர்களில் 40 பேருக்கு மேல் இன்று உயிரோடு இல்லை. வரிசை எண், ஊர், பெயர், தேதி எல்லாம் ஒரு நீள நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன். நோட்டு பத்திரமாக இருக்கிறது. குரல்கள்தான் அந்த டிஸ்க்குக்குள் மாட்டிக்கொண்டன. வழி தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

சுழல்தட்டு | வெள்ளி, இரவு 9.05

டீச்சர், முதலில் ஒன்று மட்டும். நாளை காலை கடை திறந்ததும் போய் டிஸ்க்கை வாங்கி வந்துவிடுங்கள். இன்னொரு முறை ஓட விட வேண்டாம் என்று இப்போதே போனில் சொல்லிவிடுங்கள். வீட்டுக்கு வந்த பிறகும் 'ஒரு தடவை பார்ப்போமே' என்று சொருகாதீர்கள். மற்றதை நிதானமாகப் பேசலாம். மின்சாரம் கொடுக்காமல் வைத்திருக்கும் டிஸ்க் கெட்டுப்போகாது. ஒரு மாதம் கழித்துப் பார்த்தாலும் இன்று இருக்கும் நிலையில்தான் இருக்கும்.

நான் சென்னையில் டேட்டா ரெக்கவரி வேலையில் ஒன்பது வருடம் இருந்தவன். விழுந்த அன்றே அணைத்துவிட்டு எங்களிடம் வந்த டிஸ்க்குக்கும், பத்துப் பேர் கை பட்டு வந்த டிஸ்க்குக்கும் உள்ள வித்தியாசத்தைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

உள்ளே நடப்பது இதுதான். உங்கள் மாதிரி சின்ன டிஸ்க்கில் கண்ணாடி மாதிரி பளபளக்கும் தட்டு நிமிடத்துக்கு 5,400 முறை சுற்றும். அதைப் படிக்கும் தலை தட்டைத் தொடாது. சில நானோமீட்டர் உயரத்தில் காற்று மெத்தை மேல் மிதக்கும். நம் தலைமுடியே பல பத்தாயிரம் நானோமீட்டர் தடிமன் என்றால் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். ஓடும்போது விழுந்தால் அந்தத் தலை தட்டில் மோதும். தலை வளைந்திருக்கலாம், தட்டில் கீறல் விழுந்திருக்கலாம். அடிபட்ட தலையோடு மணிக்கணக்கில் ஓட விட்டால் ஒரு சின்னக் கீறல் வட்டமாக இழுத்துக்கொண்டே போகும். பதிவு இருப்பது தட்டின் மேல் பூச்சில்தான். கீறி உதிர்ந்த பூச்சு மறுபடி எந்த மீட்பு ஆய்வகத்திலும் வராது.

மூன்று விஷயம் சொல்லுங்கள். டிக் டிக் என்று ஒரே தாளத்தில் அடிக்கும் சத்தமோ, கீச்சென்ற சத்தமோ வந்ததா? கடையில் மூடியைத் திறந்தார்களா? கடைக்காரர் அந்த டிஸ்க்கின் மேல் எதையாவது எழுதினாரா, அதாவது ஃபார்மட், ரிப்பேர் மாதிரி?

பொறையாறு | வெள்ளி, இரவு 9.31

டீச்சர், கவலைப்படாதீர்கள். என் பழைய டிஸ்க் ஒன்று இப்படி நின்றபோது பிளாஸ்டிக் கவரில் சுற்றி ஃப்ரீசரில் ஒரு இரவு வைத்தேன். காலையில் எடுத்துச் சொருகினால் ஓடியது, பாதி கோப்பை எடுத்துவிட்டேன். இன்னொன்று, செக்டிஸ்க் கட்டளை கொடுத்துப் பாருங்கள். ஃபார்மட் கேட்கும் டிஸ்க் பல அதில் சரியாகியிருக்கிறது.

சுழல்தட்டு | வெள்ளி, இரவு 9.58

பொறையாறு ஐயா, உதவும் மனதோடுதான் சொல்கிறீர்கள். ஆனால் இந்த டிஸ்க்குக்கு இரண்டும் வேண்டாம். காரணம் சொல்கிறேன்.

ஃப்ரீசர் வைத்தியம் பழைய காலத்து டிஸ்க்குகளில் எப்போதாவது பலித்திருக்கலாம். அப்போது தலைக்கும் தட்டுக்கும் இருந்த இடைவெளி இப்போதைவிடப் பெரியது. இப்போது குளிரிலிருந்து எடுத்தவுடன் நம் ஊர்க் காற்றின் ஈரம் தட்டின் மேல் பனியாகப் படியும். டிஸ்க்கின் மூடியில் ஒரு சின்னத் துளையைப் பார்த்திருப்பீர்கள், பக்கத்திலேயே 'இதை மூடாதே' என்று எழுதியிருக்கும். உள்ளே வெளியே காற்றழுத்தம் சமமாக இருக்க வைத்த துளை அது. ஆக, ஹீலியம் அடைத்த பெரிய டிஸ்க் தவிர மற்றவை முழுக்க அடைத்த பெட்டி அல்ல. சில நானோமீட்டர் உயரத்தில் பறக்கும் தலைக்கு முன்னால் ஒரு நீர்த்துளி மலை மாதிரி.

செக்டிஸ்க் செய்வது வேறு வேலை. அது கோப்பு அமைப்பை ஒழுங்குபடுத்தப் பார்க்கும், நம் கோப்பைக் காப்பாற்றுவது அதன் நோக்கம் அல்ல. படிக்க முடியாத பதிவு இருந்தால் அந்தக் கோப்பின் பெயரையே பட்டியலிலிருந்து எடுத்துவிட்டு, 'ஃபவுண்ட்' என்ற ஃபோல்டரில் துண்டு துண்டாகப் போட்டுவிடும். அதைவிட முக்கியம், அடிபட்ட தட்டின் மேலேயே எழுதும். நல்ல டிஸ்க்கில் கரன்ட் போய்க் கோப்பு அமைப்பு குழம்பினால் செக்டிஸ்க் சரி. விழுந்த டிஸ்க்கில் கூடவே கூடாது.

கோவைஸ்டூடியோ | வெள்ளி, இரவு 10.20

நான் கல்யாண வீடியோ எடுப்பவன். 2017-ல் மூன்று கல்யாணம் இருந்த டிஸ்க் ஒன்று நின்றுபோனது. அவசரத்தில் பக்கத்துக் கடையில் கொடுத்தேன். அவர் மேஜை மேல் ஸ்க்ரூவைக் கழற்றி மூடியைத் திறந்து, மேலே மின்விசிறி ஓட, விரலால் தலையை நகர்த்திவிட்டார். அன்றைக்கு எனக்கு அது தப்பென்று தெரியாது. பிறகு பெரிய ஆய்வகத்துக்கு அனுப்பியபோது தட்டின் படத்தை எடுத்து அனுப்பினார்கள். இசைத்தட்டு மாதிரி வட்ட வட்டமாகக் கோடு. ஒரு கோப்புகூட வரவில்லை. மூன்று குடும்பத்துக்கும் நேரில் போய்ச் சொன்னேன். ஒரு வீட்டில் பெண்ணின் அப்பா அந்தக் கல்யாணம் முடிந்த நாலாம் மாதம் தவறிவிட்டார். அவர் பேசிய வீடியோ அதில்தான் இருந்தது.

அதனால் சொல்கிறேன் டீச்சர், மூடியை மட்டும் யாரையும் திறக்க விடாதீர்கள்.

நடவுப்பாட்டு | சனி, காலை 11.15

டிஸ்க்கை வாங்கி வந்துவிட்டேன். கடைக்காரர் திறக்கவில்லை, ஸ்டிக்கர் அப்படியே இருக்கிறது. எதையும் எழுதவில்லை, ஸ்கேன் மட்டும்தான் என்கிறார். டிக் டிக் சத்தம் இல்லை. ஆனால் சொருகி இரண்டு நிமிடம் கழித்து, மணல் மேல் செருப்பு தேய்க்கிற மாதிரி 'சர்… சர்…' என்று லேசாக விட்டு விட்டுக் கேட்டது. முன்பு அப்படிக் கேட்டதாக நினைவில்லை.

ஆய்வகத்துக்கு அனுப்ப எவ்வளவு ஆகும்? அனுப்புவதற்கு முன் நானே செய்யக்கூடியது ஏதாவது இருக்கிறதா?

சுழல்தட்டு | சனி, மதியம் 12.02

தட்டைச் சுரண்டும் சத்தமாக இருந்தால் உரசல் மாதிரித் தொடர்ந்து கேட்கும். நீங்கள் சொல்வது, படிக்க முடியாத இடத்தில் தலை திரும்பத் திரும்ப முயலும் சத்தம் போலத் தெரிகிறது. ஆனால் இங்கிருந்து நான் உறுதி சொல்ல முடியாது. நேர்மையான பதில் இதுதான்: பணம் புரட்ட முடியும் என்றால், இனி ஒருமுறைகூடச் சொருகாமல் நேராக ஆய்வகத்துக்கு அனுப்புவதே பாதுகாப்பு. தலை மாற்ற வேண்டி வந்தால் அதே மாடலில், தலை அமைப்பும் பொருந்தும் இன்னொரு டிஸ்க்கைத் தேடிப் பிடித்து அதன் தலையைக் கழற்றிப் போட வேண்டும். தூசி வடிகட்டிய அறையில் செய்கிற வேலை. கட்டணம் பல ஆயிரங்களில்தான் இருக்கும்.

அது இப்போது முடியாது என்றால் ஒரே ஒரு வழி இருக்கிறது. டிஸ்க்கிலிருந்து கோப்புகளைத் தேடுவதை விட்டுவிட்டு, டிஸ்க்கையே முழுசாக இன்னொரு டிஸ்க்குக்கு நகலெடுப்பது. தேடும் வேலையெல்லாம் நகலில்தான். கடையில் ஓட்டிய மென்பொருள் அடிபட்ட டிஸ்க்கிலேயே தேடியது. கெட்ட இடம் வந்ததும் அங்கேயே முட்டிக்கொண்டு நின்றது, 6 சதவீதத்தில் நின்றதற்கு அதுதான் காரணமாக இருக்கும்.

அந்த வழியில் போகும்போது 'டிக் டிக்' வந்தாலோ, தொடர்ந்து உரசல் கேட்டாலோ, அந்த நொடியே கேபிளைப் பிடுங்க வேண்டும். அதற்கு மனதைத் தயார் செய்துகொண்டு தொடங்குங்கள்.

மின்ட்பயனர் | சனி, மதியம் 1.10

நகலெடுக்க ஜிஎன்யூ டிடிரெஸ்க்யூ என்ற நிரல். இலவசம். நான் என் அலுவலகத்தில் நிறைய முறை பயன்படுத்தியிருக்கிறேன், டீச்சருக்கு எல்லாப் படியிலும் கூட இருக்கிறேன்.

விண்டோஸில் செய்ய வேண்டாம். டிஸ்க்கைச் சொருகியதுமே விண்டோஸ் அதைத் திறந்து படிக்கப் பார்க்கும், அதுவே அதற்குத் துன்பம். ஒரு பென்டிரைவில் லினக்ஸ் மின்ட் (விண்டோஸ் மாதிரி இன்னொரு இயங்குதளம்) போட்டு அதிலிருந்து லேப்டாப்பை இயக்குங்கள். லேப்டாப்பில் எதுவும் மாறாது. அதில் சொருகிய டிஸ்க் தானாக மவுன்ட் ஆகும், அதாவது திறந்துகொள்ளும் வசதியை அணைத்துவிடுங்கள். அப்புறம் புதிதாக ஒரு 2 டிபி டிஸ்க் வாங்க வேண்டும், நகல் அதில்தான் போகும். அதன் ஃபார்மட் வகை என்டிஎஃப்எஸ் ஆகவோ எக்ஸ்ட்4 ஆகவோ இருக்கட்டும். ஃபேட்32 ஆக இருந்தால் 4 ஜிபிக்கு மேல் ஒரு கோப்பு வைக்க முடியாது, இங்கே ஒரே கோப்பே 1 டிபி வரும்.

டிடிரெஸ்க்யூவின் அருமை அதன் வரைபடக் கோப்பில் இருக்கிறது. எந்த இடம் படித்தாயிற்று, எந்த இடம் படியவில்லை என்று அதில் குறித்துக்கொண்டே வரும். நடுவில் கரன்ட் போனாலும், டிஸ்க் தொங்கினாலும், விட்ட இடத்திலிருந்து தொடரலாம். படியாத இடம் வந்தால் முட்டிக்கொண்டு நிற்காமல் தாண்டிக் குதித்து, நல்ல இடங்களை முதலில் அள்ளிக்கொள்ளும். வரைபடக் கோப்பு இல்லாமல் மட்டும் ஓட்டிவிடாதீர்கள்.

முதல் சுற்றுக்குக் கட்டளையில் சின்ன 'என்' (-n) விருப்பத்தைக் கொடுங்கள். கெட்ட இடத்தைச் சுரண்டிப் பார்க்கும் வேலையை அது தள்ளிவைக்கும். மறுமுயற்சி எண் பூஜ்யம்.

இதைத் தடித்த எழுத்தில் படித்ததாக நினைத்துக்கொள்ளுங்கள்: கட்டளையில் மூல டிஸ்க் முதலில், போய்ச் சேரும் இடம் இரண்டாவது, வரைபடம் மூன்றாவது. முதல் இரண்டும் இடம் மாறினால் பழைய டிஸ்க்கின் மேலேயே எழுதப்பட்டுவிடும் ஆபத்து இருக்கிறது. என்டர் தட்டுவதற்கு முன் திரையைப் படமெடுத்து இங்கே போடுங்கள். நான் பார்த்துச் சொன்ன பிறகு தட்டுங்கள்.

நடவுப்பாட்டு | செவ்வாய், இரவு 7.50

ஞாயிறு மாலை மின்ட்பயனர் தம்பி பார்த்துச் சரி என்று சொன்ன பிறகு தொடங்கினேன். நல்ல டிஸ்க் என்றால் சில மணி நேரத்தில் முடிந்துவிடும் என்றார், எனக்கு இது மூன்றாவது நாள். டிஸ்க்கை நாலாக மடித்த துண்டின் மேல், யார் காலும் படாத அலமாரித் தட்டில் வைத்திருக்கிறேன். இரவு இரண்டு முறை எழுந்து பார்க்கிறேன். இரண்டு முறை தொங்கியது, கேபிளைக் கழற்றிப் பத்து நிமிடம் ஆற விட்டுத் தொடர்ந்தேன்.

இப்போது 71 சதவீதம் வந்திருக்கிறது. ஆனால் வேகம் ஒரே மாதிரி இல்லை. கொஞ்ச நேரம் 30 எம்பி போகிறது, அப்புறம் சுத்தமாக நின்று 'சர்… சர்…', மறுபடி 30. வரைபடத்தை வண்ணத்தில் காட்டும் நிரலில் பார்த்தேன். பச்சை, சிவப்பு, பச்சை, சிவப்பு என்று கோடு போட்ட சேலை மாதிரி இருக்கிறது. ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை ஒரே இடைவெளியில் சிவப்புக் கோடு. இது என்ன?

சுழல்தட்டு | செவ்வாய், இரவு 8.04

நிறுத்துங்கள் டீச்சர். இப்போதே. கண்ட்ரோல்-சி கொடுத்து, முடிந்ததும் கேபிளைக் கழற்றுங்கள். கழற்றியதும் ஒரு வரி எழுதுங்கள்.

நடவுப்பாட்டு | செவ்வாய், இரவு 8.11

கழற்றிவிட்டேன்.

சுழல்தட்டு | செவ்வாய், இரவு 8.40

நல்லது. அந்தச் சேலைக் கோட்டுக்கு ஒரே அர்த்தம்தான். உங்கள் டிஸ்க்கில் இரண்டு தட்டு, மேலும் கீழுமாக நாலு பக்கம், நாலு தலை இருக்க வேண்டும். எழுதும்போது ஒரு தலை ஒரு பட்டை அளவு எழுதிவிட்டு அடுத்த தலைக்கு விடும், அது எழுதி அதற்கடுத்ததற்கு விடும். இப்படிச் சுற்றிச் சுற்றி வரும். நாலில் ஒரு தலை செத்துவிட்டால் ஒரே இடைவெளியில் ஓட்டை விழும். கீறல் மட்டும் இருந்திருந்தால் ஒரு பகுதியில் மட்டும் சிவப்பு அப்பியிருக்கும். உங்கள் படத்தில் தலைதான் போயிருக்கிறது. 71 சதவீதம் என்ற கணக்கும் ஒத்து வருகிறது. மூன்று நல்ல தலைகள் 75 வரை தர முடியும், அதில் பெரும்பகுதியை நீங்கள் எடுத்துவிட்டீர்கள்.

இனி டிடிரெஸ்க்யூ செய்யப்போவது செத்த தலையை வைத்து அந்தச் சிவப்பைத் திரும்பத் திரும்பத் தட்டிப் பார்ப்பதுதான். அதில் கிடைக்கப்போவது மிகக் குறைவு, அந்தப் பக்கத்துத் தட்டைக் கெடுத்துக்கொள்ள வாய்ப்பு அதிகம்.

மின்ட்பயனர் | செவ்வாய், இரவு 9.15

சுழல்தட்டு, ஒரு கேள்வி. மீதி 4 சதவீதம் பச்சையில் இருக்கலாம் என்கிறீர்கள். சிவப்புப் பட்டைகளைத் தாண்டிப் பச்சை இடங்களை மட்டும் குறிவைத்து ஒரு சுற்று ஓட்டினால் என்ன? 4 சதவீதம் என்றால் 40 ஜிபி. டீச்சருக்கு அது நூற்றுக்கணக்கான பாட்டாக இருக்கலாம்.

சுழல்தட்டு | செவ்வாய், இரவு 9.37

தொழில்நுட்பமாகப் பார்த்தால் முடியும். ஆய்வகத்துக்குப் போகவே வழியில்லை என்றால் நானே அதைச் செய்யச் சொல்வேன். ஆனால் ஒவ்வொரு முறை மின்சாரம் கொடுக்கும்போதும் நாலு தலையும் சேர்ந்துதான் தட்டின் மேல் போகும். செத்த தலை மட்டும் வெளியில் நிற்காது. அதன் முனை வளைந்திருந்தால் நாம் பச்சையைப் படிக்கும் நேரமெல்லாம் அது சிவப்பைச் சுரண்டிக்கொண்டிருக்கும். டீச்சர் முடிவெடுக்கட்டும். நான் என்றால் இங்கே நிற்பேன்.

ஒன்று சொல்கிறேன், நம்பிக்கைக்காக. 2003-ல் கொலம்பியா விண்கலம் வானில் சிதறியபோது அதிலிருந்த ஒரு ஹார்டு டிஸ்க் டெக்சாஸில் கருகிக் கிடைத்தது. அதில் செனான் வாயுச் சோதனை ஒன்றின் பதிவு இருந்தது. ஆய்வகம் ஒன்று தட்டைக் கழுவி வேறு உடலில் பொருத்தி, 99 சதவீதம் அளவுக்கு எடுத்தது. அந்த ஆய்வு 2008-ல் வெளியானது. தட்டு கீறாமல் இருந்தால் மற்ற எதையும் மாற்றிக்கொள்ளலாம்.

நடவுப்பாட்டு | புதன், மாலை 5.30

நிறுத்தியது நிறுத்தியதாகவே இருக்கட்டும். தங்கையிடம் கேட்டிருக்கிறேன், அடுத்த மாதம் ஆய்வகத்துக்கு அனுப்பப் பணம் கிடைக்கும்.

வந்திருக்கும் நகலில் டெஸ்ட்டிஸ்க் என்ற மீட்பு நிரலைப் போட்டுப் பார்த்தேன். ஃபோல்டர் பட்டியல் பாதிக்கு மேல் பெயரோடு தெரிகிறது. 1,100 கோப்புகள் வரை வெளியே எடுத்துவிட்டேன். சின்னப் பாட்டுகள் நிறைய முழுசாக இருக்கின்றன. ஒரு மணி நேரப் பேட்டிகளில்தான் நடுநடுவே குரல் நின்று அமைதியாகிவிடுகிறது, பிறகு தொடர்கிறது.

மின்ட்பயனர் | புதன், மாலை 6.05

அது சேலைக் கோட்டின் விளைவுதான் டீச்சர். மூன்று நிமிடப் பாட்டு 30 எம்பி. ஒரு பச்சைப் பட்டைக்குள் முழுசாக அடங்கியிருந்தால் தப்பிவிடும். ஒரு மணி நேரம் 600 எம்பி, அது எப்படியும் ஒரு சிவப்பின் மேல் கால் வைத்தே ஆக வேண்டும். படியாத இடம் நகலில் பூஜ்யமாக இருக்கும், வேவ் ஒலிக் கோப்பில் பூஜ்யம் என்றால் அமைதி.

கோவைஸ்டூடியோ | புதன், இரவு 8.15

டீச்சர், ரெக்கார்டரின் எஸ்டி கார்டுகள் இப்போது எங்கே இருக்கின்றன? மறுபடி மறுபடி அதையே பயன்படுத்தினீர்களா, வேறு வேறு கார்டா? ரெக்கார்டரிலேயே ஃபார்மட் கொடுத்திருந்தால் பெரும்பாலும் அட்டவணை மட்டும்தான் அழிந்திருக்கும். மேலே புதிதாக எழுதாத இடத்தில் பழைய பதிவு அப்படியே கிடக்கும். நான் இப்படி ஒரு நிச்சயதார்த்தம் முழுவதையும் கேமரா கார்டிலிருந்து எடுத்திருக்கிறேன். கார்டுகளில் இனி எதையும் பதிவு செய்யாதீர்கள். பக்கவாட்டில் இருக்கும் சின்னப் பூட்டைத் தள்ளிவிடுங்கள், எழுத முடியாது.

யார் யாருக்கு வாட்ஸப்பில் அனுப்பினீர்கள் என்றும் யோசியுங்கள். பாடியவரின் பேரனுக்கு ஒன்று அனுப்பியிருப்பீர்கள், ஏதாவது கருத்தரங்குக்கு சிடி போட்டுக் கொடுத்திருப்பீர்கள். தரம் குறைந்தாலும் அதுவும் குரல்தானே.

நடவுப்பாட்டு | ஞாயிறு, இரவு 9.20

ஏழு கார்டு கிடைத்தது. ஒன்று தையல் மெஷின் டிராயரில், ஒன்று பழைய போனுக்குள். முதலில் ஒவ்வொன்றையும் டிடிரெஸ்க்யூவில் நகலெடுத்து, நகலின் மேல் ஃபோட்டோரெக் ஓட்டினேன். பெயரில் ஃபோட்டோ இருந்தாலும் அது ஒலிக் கோப்பையும் தேடுகிறது. கோப்பு தொடங்கும் அடையாளத்தை வைத்துப் பிடிக்கிறதாம், பெயரெல்லாம் போய்விடும் என்று மின்ட்பயனர் தம்பி முன்பே சொல்லியிருந்தார்.

மொத்தம் 613 கோப்புகள் வந்தன. எல்லாவற்றுக்கும் 'எஃப்' போட்டு ஏழு இலக்க எண்தான் பெயர். அந்த எண் கார்டில் இருந்த இடத்தைக் குறிப்பதால் எண் வரிசையில் அடுக்கினால் கிட்டத்தட்டப் பதிவு செய்த வரிசையே வருகிறது. அப்புறம் என் பழக்கம் ஒன்று கை கொடுத்தது. பாட்டு தொடங்கும் முன் ஊர், தேதி, பாடுபவர் பெயர் மூன்றையும் என் குரலில் சொல்லித்தான் ரெக்கார்டு போடுவேன். நோட்டை மடியில் வைத்துக்கொண்டு முதல் பத்து நொடி கேட்கிறேன், டிக் அடிக்கிறேன், பெயர் மாற்றுகிறேன். இன்று மட்டும் 90.

கேட்டுக்கொண்டே வந்தபோது 2014-ல் பதிவு செய்த ஒரு கோப்பு. நான் பெயர் சொல்லி முடித்ததும் அந்தப் பாட்டி, 'ஏம்மா, ஓடுதா அது?' என்று கேட்கிறார். 'ஓடுது பாட்டி, பாடுங்க' என்கிறேன். அவர் போன வருடம் ஐப்பசியில் இறந்துவிட்டார். டிஸ்க்கிலிருந்து வராத கோப்பு அது.

ஏட்டுச்சுவடி | திங்கள், காலை 10.45

முழு இழையும் படித்தேன். நான் ஆவணக் காப்பு வேலையில் இருப்பவள். மீட்கும் வேலை முடிந்ததும் இதன் பிரதியை ஒரு நிறுவனத்திடமும் ஒப்படையுங்கள் டீச்சர். 1982-ல் தொடங்கிய ஏஆர்சிஇ என்ற இசை ஆய்வு ஆவணக் காப்பகம் குருகிராமில் இருக்கிறது. கள ஆய்வாளர்கள் எடுத்த ஒலிப்பதிவுகளை வாங்கிப் பாதுகாப்பதே அவர்கள் வேலை. பக்கத்தில் என்றால் பாளையங்கோட்டை தூய சவேரியார் கல்லூரியின் நாட்டார் வழக்காற்றியல் துறையில் பேசிப் பாருங்கள். பாடியவர்களின் குடும்பத்தாரிடம் சம்மதம் எழுதி வாங்கிக்கொள்வது நல்லது, ஒப்பாரிக்குக் கட்டாயம்.

வீட்டுக்கு மூன்று பிரதி, இரண்டு வகைச் சாதனம், ஒன்று வேறு ஊரில். புகைப்படக்காரர்கள் பரப்பிய கணக்கு இது. உங்கள் தங்கை வீட்டில் ஒரு டிஸ்க் இருந்தால் போதும், பொங்கலுக்குப் போகும்போது மாற்றிக்கொண்டு வந்துவிடலாம்.

சுழல்தட்டு | திங்கள், மதியம் 1.30

ஆய்வகத்திடம் கேட்க வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். பார்த்துச் சொல்லக் கட்டணம் உண்டா, கோப்பு வராவிட்டாலும் பணம் கட்ட வேண்டுமா, இரண்டையும் எழுத்தில் வாங்குங்கள். உங்கள் நகலையும் வரைபடக் கோப்பையும் கூடவே கொடுங்கள். செத்த தலை எதுவென்று அவர்களுக்கு உடனே தெரியும், சிவப்புப் பட்டையை மட்டும் படித்தால் போதும். பணம் கட்டும் முன் கோப்புப் பட்டியலைக் காட்டச் சொல்லுங்கள். அனுப்பும்போது டிஸ்க்கைக் காற்றுக் குமிழ் உறையில் சுற்றி, நாலு பக்கமும் கை அகலத்துக்கு மெத்தை வைத்துப் பெரிய பெட்டியில் போடுங்கள். முடிந்தால் நேரில் போய்விடுங்கள்.

நடவுப்பாட்டு | ஆறு வாரம் கழித்து, சனி, காலை 7.10

நேரில் போய்க் கொடுத்துவிட்டு வந்தேன். நேற்று பதில் வந்தது. மூன்றாவது தலைதான் போயிருந்ததாம், தலை மாற்றிவிட்டார்கள். அந்தப் பக்கத்துத் தட்டின் வெளி ஓரத்தில் கீறல் இருக்கிறது, மற்றது படிகிறது. டிஸ்க், கார்டு, வாட்ஸப் எல்லாம் சேர்த்து நோட்டில் 2,412 வரிசையில் 2,297-க்கு டிக் அடித்துவிட்டேன். 68 அறவே இல்லை. 47-ல் நடுவில் ஓட்டை.

ஒரு சந்தேகம். ஓட்டை உள்ள கோப்புகளில் அந்த அமைதியை வெட்டிவிட்டு இரண்டு பக்கத்தையும் ஒட்டலாமா? கேட்பவருக்குத் தொடர்ச்சியாக இருக்கும்.

ஏட்டுச்சுவடி | சனி, காலை 8.25

வேண்டாம் டீச்சர். ஒட்டினால் பாடியவர் அப்படித்தான் பாடினார் என்று பின்னால் வருபவர் நினைத்துக்கொள்வார். அமைதியை அமைதியாகவே விட்டுவிட்டு, எங்கிருந்து எதுவரை இல்லை என்று நோட்டிலும் கோப்பின் குறிப்பிலும் எழுதுங்கள். ஏட்டில் செல்லரித்த இடத்துக்குப் புள்ளி வைத்துப் பதிப்பிப்பது மாதிரிதான்.

நடவுப்பாட்டு | சனி, காலை 9.00

சரி. எழுதத் தொடங்கிவிட்டேன். முதலாவது: வரிசை எண் 214, நடவுப்பாட்டு, 1 நிமிடம் 52 நொடி முதல் 2 நிமிடம் 20 நொடி வரை இல்லை. அந்த அம்மாவின் மகள் மணமேல்குடியில் இருக்கிறார், கூடவே நடவுக்குப் போனவர், அதே பாட்டு அவருக்கும் தெரியும். நாளை ரெக்கார்டரை எடுத்துக்கொண்டு போகிறேன்.